ஸ்டியரிங் தண்டுக்கு ஜாயிண்ட் தேர்ந்தெடுத்தல்: கவென்ட்ரி கராஜ் நாட்குறிப்பு

9 மார்ச் 2024, சனி

நான் கட்டும் காரின் ஸ்டியரிங் ராக், அதாவது பக்கவாட்டில் நகர்ந்து முன்சக்கரங்களைத் திருப்பும் பல்சட்டம், இன்று சேஸிஸில் ஏறியது. 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன் காரின் வடிவத்தைப் பின்பற்றும், பாகங்களாக வாங்கி நாமே கட்டும் இந்தக் கிட்டில், ராக் எஞ்சினுக்கு முன்னால் அமர்கிறது. ஸ்டியரிங் வீலோ எஞ்சினுக்குப் பின்னால், டாஷ்போர்டுக்கு இப்பால் இருக்கிறது. பெடல் பெட்டி, சேஸிஸின் சாய்வுக் குழாய், எஞ்சின் மவுண்ட், எக்ஸாஸ்ட் ஆகிய எல்லாவற்றையும் விலகித்தான் தண்டு ராக்கைச் சென்றடைய வேண்டும். நேர்கோட்டில் செல்ல வழியே இல்லை. ஆகவே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்டுகள், அதாவது வளைந்த நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்புகள், தேவைப்படும். கார் கட்டுபவர்கள் பலர் முதலில் விலைப்பட்டியலைத்தான் கையில் எடுக்கிறார்கள். பாதை முடிவாகும் வரை எந்த ஜாயிண்ட்டையும் வாங்குவதில்லை என்பது என் தீர்மானம். இப்போதைக்குத் தண்டின் இடத்தில் ஒரு மரக்கோலைக் கட்டி வைத்திருக்கிறேன்.

14 மார்ச், வியாழன்

மரக்கோலின் மீது கோணமானியை வைத்து அளந்ததில், மேல் வளைவு 18 டிகிரி, கீழ் வளைவு 31 டிகிரி என்று வந்தது. இரண்டும் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலான ஜாயிண்ட்டுகள் தாங்கக்கூடிய கோணங்கள்தாம். ஆனால் தாங்குவது வேறு, சீராகத் திருப்புவது வேறு. ஒரு ஜாயிண்ட் வளைந்த நிலையில் சுழலும்போது, உள்ளே வரும் வேகம் அதே அளவில் வெளியே போவதில்லை. வளைவு 30 டிகிரி என்றால், கால் சுற்றுக்குள்ளேயே வெளித்தண்டு சுமார் 13 சதவீதம் பின்தங்குவதிலிருந்து 15 சதவீதம் முந்துவது வரை மாறும். ஓட்டுபவரின் கை இதைத் தெளிவாக உணரும்: வீல் ஓரிடத்தில் இலேசாகவும் அடுத்த இடத்தில் கனமாகவும் திரும்பும்.

இரண்டு ஜாயிண்ட்டுகளின் கோணங்களும் சமமாக இருந்தால், ஒன்று செய்யும் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று நீக்கிவிடும். சமமாக இல்லாவிட்டால் மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்கிட எளிய வழி இருக்கிறது. இரு கோணங்களின் வர்க்கங்களின் வித்தியாசத்துக்கு வர்க்கமூலம் கண்டால், எத்தனை டிகிரி வளைந்த ஒற்றை ஜாயிண்ட்டுக்கு அது ஈடானது என்பது தெரியும். 31க்கும் 18க்கும் போட்டுப் பார்த்தால் 25 டிகிரி வருகிறது. அதாவது இரண்டு ஜாயிண்ட் போட்டும் பத்து சதவீத ஏற்ற இறக்கம் அப்படியே நிற்கிறது. வீலிலிருந்து வரும் மேல்தண்டின் அடி பேரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டைச் சற்று இறக்கியபோது, மேலே 24, கீழே 26 என்று கோணங்கள் நெருங்கின. மிச்சம் 10 டிகிரி; ஏற்ற இறக்கம் ஒன்றரை சதவீதம். காசு செலவில்லாமல் கிடைத்த இந்த முன்னேற்றத்தை எவ்வளவு விலையுயர்ந்த ஜாயிண்ட்டாலும் தந்திருக்க முடியாது.

23 மார்ச், சனி

கோணங்கள் நெருங்கினால் மட்டும் போதாது. மேல் ஜாயிண்ட் வளையும் தளமும் கீழ் ஜாயிண்ட் வளையும் தளமும் என் சேஸிஸில் ஒன்றல்ல. இரண்டு ஜாயிண்ட்டுகளுக்கும் நடுவிலுள்ள இடைத்தண்டு கீழிறங்கிக்கொண்டே பக்கவாட்டிலும் விலகுவதால், இரண்டு தளங்களுக்கும் இடையே ஏறத்தாழ 20 டிகிரி இருக்கிறது. இடைத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் (ஜாயிண்ட்டின் இரு விரல் போன்ற பாகங்கள்) ஒரே சமயத்தில் தத்தம் வளைவின் தளத்துக்கு வந்து சேர வேண்டும். எனவே ஒரு கவையை மற்றதிலிருந்து அந்த 20 டிகிரி திருப்பிப் பொருத்த வேண்டும்.

தண்டையும் ஜாயிண்ட்டையும் எந்த வகையில் பிணைப்பது என்ற கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. இரண்டு பக்கம் தட்டையாக்கப்பட்ட இரட்டை-டி தண்டு ஜாயிண்ட்டுக்குள் இரண்டே விதமாகத்தான் நுழையும். அரைச்சுற்றுத் திருப்பினாலும் கவையின் நிலை மாறாது. ஸ்பிளைன் என்பது சுற்றிலும் பற்கள் வெட்டிய தண்டு முனை; 36 பற்கள் கொண்ட ஸ்பிளைனில் ஒரு பல் நகர்த்தினால் 10 டிகிரி. எனக்கு இரண்டு பல் நகர்த்தினால் போதும். ஆகவே இடைத்தண்டின் மேல்பாதி 1 அங்குல இரட்டை-டி குழாய். அதற்குள் நழுவக்கூடிய 3/4 அங்குல இரட்டை-டி தண்டு கீழ்பாதி. அதன் அடிமுனையில் மட்டும் 36 பல் ஸ்பிளைன். முன்புறம் மோதல் நேர்ந்தால் தண்டு குழாய்க்குள் புகுந்து குறுகும். வீல் ஓட்டுபவரின் மார்பை நோக்கி வராது. இரண்டு இடத்தில் வளையும் பாதையே மடிவதற்கு இடம் தருகிறது என்றாலும், அதை மட்டும் நம்பியிருக்க எனக்கு மனம் வரவில்லை.

1 ஏப்ரல், திங்கள்

ஈஸ்டர் விடுமுறை. பழைய கார்களிலிருந்து கழற்றிய ஜாயிண்ட்டுகள் சிலவற்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். இங்கே பிரிட்டனில் குளிர்காலச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். அது ஜாயிண்ட்டின் சீலைத் தாண்டினால் உள்ளே ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட நீடில் பேரிங் துருப்பிடிக்கிறது. ஒரு ஜாயிண்ட்டில் ப்ளே (தளர்வான ஆட்டம்) துளியும் இல்லை, ஆனால் ஒரு திசையில் இலகுவாகவும் மறு திசையில் பிடித்துப் பிடித்தும் அசைந்தது. ப்ளே இல்லாததால் நல்ல ஜாயிண்ட் என்று எண்ணிவிடக் கூடாது. திருப்பத்திலிருந்து வெளிவரும்போது சக்கரங்களை நேராக்குவது காஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, தரும் மெல்லிய விசை. பிடிக்கும் ஜாயிண்ட் அதை விழுங்கிவிடும். கார் முழுக்கப் பழைய பாகங்கள் இருக்கலாம், இந்த இரண்டு மட்டும் புதியவையாகத்தான் இருக்க வேண்டும்.

புதியவற்றில் பேரிங் இல்லாத சாதா வகை முரடானது, மலிவானது; ஆனால் உராய்வு அதிகம். எடை குறைந்த இந்தக் காரில் சாலையின் செய்தி கைக்கு வர வேண்டும் என்பதால் நீடில் பேரிங் வகையையே தேர்ந்தேன். கீழ் ஜாயிண்ட் எக்ஸாஸ்ட்டுக்கு அருகில் இருப்பதால் அங்கே ஒரு வெப்பத் தகடு வரும். ரப்பர் கப்ளிங் அதிர்வைத் தணிக்கும். சில டிகிரிக்கு மேல் வளையாது என்பதால் எனக்கு உதவாது. மூன்றாவது ஜாயிண்ட் சேர்த்துக் கோணத்தைக் குறைக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். மூன்று ஜாயிண்ட் என்றால் இடையிலுள்ள தண்டு பிடிமானமின்றித் துள்ளும். அதைத் தாங்கச் சேஸிஸில் இன்னொரு பேரிங் தேவைப்படும். அதற்கு இங்கே இடமில்லை, தேவையும் இல்லை.

20 ஏப்ரல், சனி

இரண்டு ஜாயிண்ட்டுகளும் பொருந்திவிட்டன. ஸ்பிளைன் முனைகளில் கவையை நெருக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட், தண்டில் வெட்டிய பள்ளத்தின் குறுக்கே செல்கிறது. நட் தளர்ந்தாலும் போல்ட் உள்ளே இருக்கும் வரை தண்டு உருவிக்கொண்டு வராது. இரட்டை-டி முனையில் செட் ஸ்க்ரூவின் நுனி அமர ஒரு சிறு குழி துளைத்து, மேலே பூட்டு நட் போட்டேன். தண்டு கவைக்குள் முழுமையாக நுழைய வேண்டும், ஆனால் உட்புற விளிம்பைத் தாண்டக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் ஜாயிண்ட் வளையும்போது அது ஜாயிண்ட்டின் நடுவிலுள்ள சிலுவை வடிவத் துண்டான கிராஸில் இடிக்கும். வெல்டிங் எங்கும் செய்யவில்லை. அந்த வெப்பம் சீலையும் பேரிங்கையும் கெடுக்கும்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் அசையும் என்பதால் கடப்பாரையால் அதை நெம்பிப் பிடித்தபடியே வீலை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பிப் பார்த்தேன். எங்கும் உரசவில்லை, எங்கும் கனக்கவும் இல்லை. தனியாகக் கட்டிய கார்களைச் சாலைக்கு அனுமதிக்கும் சோதனையான, 2009இல் பழைய எஸ்.வி.ஏ.வின் இடத்துக்கு வந்த ஐ.வி.ஏ. தேர்வில், ஒவ்வொரு பிடிப்பும் தானாகக் கழலாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஆய்வாளர் பார்ப்பார். எல்லா போல்ட்டுகளையும் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கி மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டிருக்கிறேன். அடுத்த வேலை வெப்பத் தகடு.