ஒட்டுசுட்டானில் இருந்தபடி ஒரு கட்டுரையை இரவல் எடுத்தது

வன்னிச் சிறு குளங்களைப் பற்றி முதுகலை ஆய்வு செய்கிறேன் என்றால் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில், எங்கள் ஊரில், உடனே கேட்பார்கள்: "குளம் வாசலில கிடக்கு, பிறகென்ன ரீச்சர் பிரச்சினை?" குளம் வாசலில் கிடப்பது உண்மைதான். அதைப் பற்றி எழுதியவைதான் கொழும்பிலும் பேராதனையிலும் கடல் கடந்தும் கிடக்கின்றன. பாடசாலை முடிந்து பின்னேரத்தில் மட்டும் படிக்க நேரம் கிடைக்கும் ஒருத்தி, ஒவ்வொன்றுக்கும் பஸ் ஏறுவது நடக்காத காரியம். அதனால்தான் நூலகங்களுக்கிடையேயான இரவல், மின்னஞ்சலில் பிரதி அனுப்பும் சேவை இரண்டையும் பயன்படுத்தப் பழகினேன். முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் இதே நிலையில் இருந்து படிப்பவர்கள் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

எனக்குக் கட்டாயம் வேண்டியிருந்தது ஒரு கட்டுரை. உலர் வலயக் குளங்கள் தனித்தனியாகக் கட்டி விடப்பட்டவை அல்ல, ஒரே சிறு நீரேந்து பகுதியில் மேலிருந்து கீழாகத் தொடுக்கப்பட்டவை. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்த தண்ணீரும் வயலில் வடிந்த தண்ணீரும் கீழ்க்குளத்துக்குப் போய்ச் சேரும் என்று பேராசிரியர் சி. எம். மத்தும பண்டார 1985 இல் எழுதியது. குளத்தொடர் பற்றி நான் வாசித்த எந்த அறிக்கையை எடுத்தாலும் உசாத்துணைப் பட்டியலில் அது இருந்தது. மற்றவர் காட்டிய மேற்கோளை வைத்தே எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அது வெளிநாட்டில் வந்த தொகுப்பு நூலொன்றில் ஓர் அத்தியாயம். பதிப்பகத்தின் தளத்தில் அந்த ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் தனி விலை, அதுவும் யூரோவில். ரூபாவாக்கிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மூடினேன்.

நூலகத்திடம் கேட்பதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். அது நல்ல புத்தி. குளத்தொடர்கள் பற்றிச் சக்திவடிவேல், பெர்னாண்டோ, பானபொக்கே, விஜயரத்ன நால்வரும் 1996 இல் எழுதிய அறிக்கை சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கிறது. வன்னி மாவட்டங்கள் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட கையேடு பதிப்புரிமைக் காலம் எப்போதோ கடந்தது. அதற்கு இரவலும் வேண்டாம், விண்ணப்பமும் வேண்டாம். கோயில் மலர், பாடசாலை மலர் போன்றவற்றில் புதைந்து கிடக்கும் ஊர்த் தகவலுக்கு 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவ்வளவும் தேடி முடித்தபோது என் பட்டியல் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

மிச்சத்துக்குத்தான் இரவல். இங்கே பலருக்கும் விளங்காத ஒன்று இருக்கிறது. இரவல் ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடம் கேட்பது. நான் நேரே பேராதனைக்கோ கொழும்புக்கோ எழுதி "புத்தகத்தை அனுப்புங்கள்" என்று கேட்க முடியாது. என் சார்பில் கேட்க எனக்கென்று ஒரு நூலகம் வேண்டும். பக்கத்துப் பொது நூலகத்தில் அந்த வசதி இல்லை. அங்கிருந்த அக்காதான் "நீங்கள் பதிஞ்ச கம்பஸ் லைப்ரரியையே பிடியுங்கோ, நேர போகத் தேவையில்லை, ஈமெயில் காணும்" என்றார். அப்படியே செய்தேன். மாணவர் அடையாள அட்டையின் ஸ்கான் கேட்டார்கள், ஒரு படிவம் அனுப்பினார்கள்.

படிவம் சின்னதுதான். ஆனால் வேலை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆசிரியர், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, நூலின் பெயர், தொகுத்தவர்கள், பதிப்பிடம், பக்கங்கள் எல்லாம் கேட்டார்கள். நான் பார்த்த அறிக்கைகளில் இருந்தே எடுத்து நிரப்பி, ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் எழுதி அனுப்பினேன். அடுத்த நாள் இரவல் பகுதியில் இருந்து போன் வந்தது. "ரீச்சர், ஒண்டில சுவீடன் லிங்கோப்பிங் எண்டு கிடக்கு, மற்றதில நெதர்லாந்து டொர்ட்ரெக்ட் எண்டு கிடக்கு. எது சரி? இப்பிடியே அனுப்பினா அங்க தேடிப்போட்டு இல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போடுவினம்." அவர் சொன்னது சரி. சிலர் சுவீடன் நகரைப் பதிப்பிடமாகப் போட்டிருக்கிறார்கள். நூலை வெளியிட்டது டொர்ட்ரெக்டில் இருந்த ரைடல் பதிப்பகம். உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கட்டில் தேடி, நூலின் ஐஎஸ்பிஎன் இலக்கத்தையும் 99 முதல் 113 வரை என்ற பக்க எண்ணையும் போட்டு மறுபடி அனுப்பினேன். தொகுப்பு நூலில் ஓர் அத்தியாயம் வேண்டுமென்றால் அத்தியாயத்தின் பெயர் மட்டும் போதாது. நூலகப் பட்டியல்களில் பெரும்பாலும் நூலின் பெயர்தான் இருக்கும், உள்ளே இருக்கும் கட்டுரைகளின் பெயர் இருக்காது. சஞ்சிகைக் கட்டுரை என்றால் தொகுதி, இதழ் இலக்கம், பக்கம், டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள இலக்கம் இருந்தால் அதுவும்.

படிவத்தின் அடியில் ஓர் உறுதிமொழி இருந்தது: பிரதி என் சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும் மட்டுமே என்று. கையெழுத்து வைக்கச் சிலர் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். தயங்க ஒன்றுமில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இலாப நோக்கில்லாத நூலகம் ஒருவரின் படிப்புக்காகக் கட்டுரை ஒன்றையோ நூலின் சிறு பகுதியையோ ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க இடம் தருகிறது. அந்தக் கையெழுத்துத்தான் நூலகத்துக்குப் பாதுகாப்பு. முழு நூலையும் ஸ்கான் பண்ணித் தா என்று கேட்டால் மறுப்பதும் இதனால்தான்.

பிறகு காத்திருப்பு. முதலில் கேட்ட நூலகம் ஒன்றிடம் இருந்து பதிலே இல்லை. எங்கள் நூலகத்து இரவல் பகுதி ஆள் விடவில்லை, வேறொரு நூலகத்துக்குத் திருப்பினார். அங்கிருந்து பீடிஎஃப் வந்தது. கட்டணம் பக்கக் கணக்கில், பஸ் காசோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. பாதியில் சில பக்கங்களின் உள் ஓரம் புத்தக மடிப்புக்குள் போய் எழுத்து அறுந்திருந்தது. பக்க எண்ணைக் குறித்து உடனே எழுதினேன், அந்தப் பக்கங்களை மட்டும் திரும்ப எடுத்து அனுப்பினார்கள். வந்தவுடனே கடைசிப் பக்கம் வரை திறந்து பாருங்கள். சில நூலகங்கள் கோப்பை அனுப்பாமல் இணைய லிங்க் ஒன்றைத்தான் அனுப்பும், அது குறித்த காலத்துக்குப் பிறகு திறக்காது.

இன்னொரு சஞ்சிகைக் கட்டுரை மின்னிதழிலேயே இருந்தும் கோணலான ஸ்கானாக வந்தது. எனக்கு எரிச்சல். காரணம் கேட்டபோதுதான் தெரிந்தது: பதிப்பகங்களோடு செய்யும் சில ஒப்பந்தங்களில், மின்கோப்பை அப்படியே வெளியே கொடுக்கக்கூடாது, அச்சிட்டு ஸ்கான் பண்ணித்தான் இரவல் கொடுக்கலாம் என்று இருக்கிறதாம். கணினியில் இருப்பதைத் தாளில் எடுத்துத் திரும்பக் கணினிக்குள் போடுகிறார்கள். இதை யோசித்த ஆள் யாரோ!

விஞ்ஞானக் கட்டுரை தேடுபவர்கள் கொழும்பில் தேசிய விஞ்ஞான மன்றத்தின் நூலகத்தையும் நினைவில் வைத்திருங்கள், பிரதி வழங்குவது அவர்களின் வேலைகளில் ஒன்று.

கைக்கு வராமல் நிற்பது பேராதனையில் உள்ள ஓர் ஆய்வேடு. ஆய்வேடுகளைப் பொதுவாக வெளியே விடுவதில்லை, அங்கேயே இருந்து வாசிக்க வேண்டும். உள்ளடக்கப் பக்கத்தை மட்டும் எங்கள் நூலகம் கேட்டு வாங்கித் தந்தது. அதைப் பார்த்ததில் எனக்கு வேண்டியவை இரண்டு அத்தியாயங்கள்தான். மேற்பார்வையாளர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டார். ஓகஸ்ட் விடுமுறைக்குப் போவேன்.