தேய்மானம் இல்லையாம், வளர்ச்சியாம்

முதுகு வலிக்கிறது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிப் பாருங்கள், "தேய்மானமா இருக்கும்" என்றுதான் அடுத்த வார்த்தை வரும். எனக்கு 26 வயதில் ஆரம்பித்தது. பைக் ஓட்டுவதால் என்றார் அம்மா, கம்ப்யூட்டர் என்றார் மாமா, வாயு என்றார் மருந்துக்கடை அண்ணன். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு வாரம் நன்றாகப் படுத்து ஓய்வெடுங்கள் என்றார். படுத்தேன், இன்னும் மோசமானது.

விடியற்காலை மூன்று மணிக்கு வலியில் முழிப்பு வரும், புரண்டு படுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எழுந்து பாத்ரூம் போவதற்குள் இடுப்பு பலகை மாதிரி இருக்கும். அப்புறம் வெந்நீரில் குளித்து, வீட்டுக்குள் நாலு நடை நடந்தால் பத்து மணிக்குள் இளகிவிடும், சாயங்காலம் ஷட்டில் ஆடவே போய்விடுவேன். "காலையில கிழவன், சாயங்காலம் குமரன்" என்று அக்கா கிண்டல் செய்வாள். அந்தக் கிண்டலில்தான் நோயின் அடையாளமே இருந்தது. சாதாரண முதுகு வலி பெரும்பாலும் வேலை செய்தால் கூடும், ஓய்வில் குறையும். எனக்கு நேர்மாறு. இதை ஒருவரும் கேட்காமலே நாலு வருடம் போனது.

கடைசியில் வாத நோய் டாக்டர் (மூட்டு அழற்சி நோய்களைப் பார்க்கும் ருமட்டாலஜிஸ்ட்) ஒருவரிடம் போனேன். அவர் எக்ஸ்ரே கவரைத் தொடவே இல்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, இடுப்புக்கு மேலே இரண்டு பக்கமும் குழி விழும் இடத்துக்கு நடுவில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு, அதிலிருந்து 10 செ.மீ. மேலே இன்னொரு கோடு போட்டார். முட்டியை மடக்காமல் குனியச் சொல்லிவிட்டு, தையல்காரர் டேப்பால் இடைவெளியை அளந்தார். 15 செ.மீ. கிட்ட வர வேண்டுமாம், எனக்கு பன்னிரண்டரைகூட வரவில்லை. விரல் கணுக்கால் வரைக்கும் போனதே சார் என்றேன். "குனியறது உங்க முதுகு இல்ல, தொடை மூட்டு" என்றார்.

முதுகெலும்பை நான் ஒரே கம்பியாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது அப்படி இல்லை. அடுத்தடுத்த இரண்டு எலும்புக்கு நடுவில் பெரும்பாலும் முன்பக்கம் மெத்தை மாதிரி ஒரு டிஸ்க், பின்பக்கம் இரண்டு சின்ன மூட்டுகள். ஒவ்வொன்றும் கொஞ்சமாகத்தான் அசையும், எல்லாம் சேர்ந்துதான் நாம் குனிவதும் திரும்புவதும். அந்தச் சின்ன மூட்டு எந்தப் பக்கம் பார்த்து அமைந்திருக்கிறதோ அதற்கேற்ற அசைவுதான் அந்த இடத்தில் கிடைக்கும். கீழ் முதுகு நன்றாகக் குனியும், ஆனால் அதிகம் திரும்பாது. கழுத்து திரும்புவதில் ஏறக்குறைய பாதி, மேலே இருக்கும் முதல் இரண்டு எலும்புக்கு நடுவிலேயே நடந்துவிடுகிறது. நெஞ்சுப் பகுதியை விலா எலும்புகள் கட்டிப்போட்டிருக்கின்றன, அங்கேயும் மூட்டுகள் உண்டு, அவை இறுகினால் மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவது குறையும். அதையும் டேப்பால் அளந்தார்.

வயதாகி டிஸ்க் வற்றி, மூட்டு தேய்ந்து அசைவு குறைவது ஒரு வகை, ஊரில் சொல்லும் தேய்மானம் அதுதான், ஸ்பாண்டிலோசிஸ். என்னுடையது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ். பெயர் ஒன்று போலவே இருப்பதால் ஆபீஸில் கழுத்துப் பட்டை போட்டவர்கள் எல்லாம் "எனக்கும் அதேதான்" என்று தோள் தட்டுகிறார்கள். இது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டில் அழற்சியைக் கிளப்பும் நோய். பெரும்பாலும் இடுப்பெலும்போடு முதுகெலும்பு சேரும் மூட்டில் தொடங்கும். அழற்சி ஆறும் இடத்தில் புது எலும்பு வளர்ந்து, கவனிக்காமல் விட்டால் எலும்புக்கு எலும்பு பாலம் போட்டு ஒட்டிக்கொள்ளும். முற்றிய நிலையில் எக்ஸ்ரேயில் மூங்கில் கழி மாதிரி தெரியுமாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் வருடக்கணக்கில் போகலாம், எம்ஆர்ஐயில்தான் முதலில் பிடிபடும். எனக்கு அப்படித்தான். இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இருக்கிறதா என்று பார்க்கும் எச்எல்ஏ பி27 ரத்தப் பரிசோதனையும் பாசிட்டிவ். ஆனால் அது பாசிட்டிவாக இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதே இல்லை, ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

மாத்திரை, அது போதாதபோது ஊசி, தினமும் உடற்பயிற்சி. சிகரெட்டை விட்டாகிவிட்டது. முதுகு கூன் விழவில்லையே என்று தெரிந்துகொள்ள, மாதம் ஒருமுறை குதிகாலும் முதுகும் சுவரில் பட நின்று பின்மண்டை தொடுகிறதா என்று பார்க்கிறேன், இதுவரை தொடுகிறது.

ஒரே சிக்கல் சலூன். முடி வெட்டி முடித்ததும் அண்ணன் ஒரு கையைத் தாடையிலும் இன்னொன்றைப் பின்மண்டையிலும் வைத்துக் கழுத்தைச் சொடுக்கத் தயாராவார். இறுகிய முதுகெலும்பு சின்ன அதிர்ச்சிக்கே முறியலாம், நமக்கு அது கூடவே கூடாது. முதல்முறை வேண்டாம் என்றபோது முகம் சுண்டிப்போய்விட்டது அவருக்கு. எலும்பு ஒட்டிக்கொள்ளும் நோய் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப எண்ணெய் மட்டும் வச்சு விடட்டுமா தம்பி?" என்றார்.