மச்சான் இன்னும் வடக்கால போறாராம்

நேத்து வெள்ளாப்பில மாமி போனோட வந்து நிக்கிறா, "மனே, இவன் இன்னும் வடக்கால போறானாம், பிளேன்ல எவ்வளவு நேரம் எண்டு பாத்துச் சொல்லு" எண்டு. இவன் எண்டா எங்கட மச்சான், நோர்வேல துரொம்சோவில மீன் பக்டரியில வேல. அதுவே ஆர்க்டிக் வட்டத்துக்கு மேல கிடக்கிற ஊர், அது காணாதெண்டு லீவுக்கு ஸ்வால்பார்ட் தீவுகள்ல இருக்கிற லொங்யார்பியன் ஊருக்கு போகப் போறாராம். நம்மளப் போல ஆக்கள் டிக்கட் எடுத்துப் போகக்கூடிய எயார்போட்டுக்குள்ள உலகத்திலயே வடக்கால கடைசி அதுதான்.

போன்ல மேப்ப எடுத்துக் குடுத்தன், மாமி விரலால அளந்து பாத்திட்டு அப்பிடியே கதிரையில இருந்திட்டா. அவவிலயும் பிழையில்ல, அந்தத் தட்ட மேப்புல ரெண்டு ஊருக்கும் இடையில மட்டக்களப்புல இருந்து காஷ்மீருக்கும் அங்கால போற அளவு இடைவெளி தெரியுது. உருண்டையா இருக்கிற பூமிய விரிச்சுப் போட்டா வடக்கு அப்பிடி இழுபட்டுத்தான் கிடக்கும், உண்மையில தூரம் 960 கிலோமீட்டர் அளவுதான்.

ஜெட் பிளேன் 800க்கு மேல ஓடும், ஒரு மணித்தியாலம் பத்து நிமிசத்தில இறங்கிருவார் எண்டு நான் வாய விட்டுட்டன். மறுகா பாத்தா டிக்கட்டுல ஒண்டே முக்கால் மணித்தியாலம் கிட்டப் போட்டிருக்கு. ரன்வே வரைக்கும் ஊந்து போறது, சிறகுல ஐஸ் பிடிச்சா மருந்தடிக்கிறது, ஏறுறது இறங்குறது எல்லாம் அந்த நேரத்துக்குள்ளதான் வரும், முழு வேகத்தில பறக்கிறது நடுவுல கொஞ்ச நேரம்தான். மாமிக்கு இது டக்கெண்டு விளங்கிட்டு, நேர்கோட்டுல கொழும்பு இஞ்ச மட்டக்களப்புல இருந்து 220 கிலோமீட்டர் அளவுதானே, நம்மட உதயதேவி ரயில் கல்லோயா, மாகோ எண்டு சுத்திக் கிறுகிப் போய்ச் சேர எட்டு மணித்தியாலம் தின்னுது.

அந்த ரன்வே 1975ல திறந்தது, அடியில மண்ணே உறைஞ்சு கிடக்கு, கோடைக்கு மேல்மண் இளகினா ரன்வேயும் மேடு பள்ளமாகுமாம், திருத்திக்கொண்டே இருக்கணும். இன்னொண்டு, நோர்வேட இடம்தானே எண்டு சும்மா போகேலாது, ஸ்வால்பார்ட் ஷெங்கனுக்கு (பாஸ்போட் பாக்காம நாட்டுக்கு நாடு போய்வாற ஐரோப்பியக் கூட்டு) வெளியால, துரொம்சோவில ஏறக்குள்ளயே பாஸ்போட் பாப்பாங்க. மச்சான் அத எங்க வச்சாரோ, ரெண்டு நாளா தேடுறாராம்.

எயார்போட்டுக்கு வெளியால பனிக்கரடி படம் போட்ட கம்பமொண்டு இருக்கு, எந்தெந்த ஊர் எவ்வளவு தூரம் எண்டு எழுதியிருக்கும். மட்டக்களப்பும் இருக்கா எண்டு மாமி கேட்டா. நம்மட பேர் எங்க இருக்கப் போகுது, நானே கணக்குப் பாத்தன், துரொம்சோ இஞ்ச இருந்து 8,100 சொச்சம், லொங்யார்பியன் 8,600 சொச்சம். 960 கிலோமீட்டர் பறந்தும் ஆள் நம்மள விட்டுத் தூரப்போறது 500 கூட இல்ல, உருண்டையில போனா அப்பிடித்தான். "அப்ப போகட்டும்" எண்டிட்டு மாமி போன வாங்கிக்கொண்டு போயிட்டா.