வெள்ளம் வந்நூ!

இருபது வருஷமாக டிஎம் (டஞ்சன் மாஸ்டர், டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டில் கதையை நடத்துகிறவர்) வேலை பார்க்கிறேன். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் வந்தவர்களுக்கு டீயும் பழம்பொரியும் என் செலவு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அந்த விளையாட்டில் மூன்றரையாம் பதிப்பில் தொடங்கி, நாலாம் பதிப்பைத் தாண்டி (அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை), 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் குடியேறியவன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விதி சொல்வேன். அந்த மிதப்பில்தான் அதன் 2024 விதிப் புத்தகத்தை (பிளேயர்ஸ் ஹேண்ட்புக்) பிரித்தேன்.

384 பக்கம். 12 கிளாஸ் (ஃபைட்டர் மாதிரி, ஆட்டக்காரர் எடுக்கிற வேஷம்), ஒவ்வொன்றுக்கும் நாலு சப்கிளாஸ். படங்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். பழைய ஆள்தான், சட்டை மட்டும் புதுசு என்று நினைத்தேன். போகப் போகத்தான் வயிற்றைக் கலக்கியது. சொல் எல்லாம் அதேதான். அர்த்தம்தான் வேறு.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரனுக்கு இது பழகிய தொல்லை. ‘பட்டி’ என்றால் எங்கள் வீட்டில் ஆடு அடைக்கிற இடம், பக்கத்து மலையாள வீட்டில் நாய். தெரியாத சொல் ஒன்றும் செய்யாது, அர்த்தம் கேட்டுக்கொள்ளலாம். தெரிந்த சொல்தான் காலை வாரும்.

காயம் ஆற்றும் மருந்தான போஷனையே எடுங்கள். குடிப்பதற்கு ஒரு முழு ஆக்‌ஷன் (நம் முறை வரும்போது செய்கிற முக்கியக் காரியம்) போய்விடும் என்று நானும், போனஸ் ஆக்‌ஷன் (கூடவே செய்கிற குட்டிக் காரியம்) போதும் என்று என் மச்சானும் பத்து வருஷமாகப் பஞ்சாயத்து. புதுப் புத்தகம் மச்சான் பக்கம் சாய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட்டார். மாமியார் கட்டைவிரல் தூக்கியிருந்தார், என்ன புரிந்ததோ.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஆடி மாசம். கணவாய்க் காற்று பனை மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடிக் கொட்டகையில் சார்ட் பேப்பர் விரித்து ஆறு, குகை எல்லாம் வரைந்து, நாலு மூலைக்கும் கல் வைத்தேன். காப்ளின் என்கிற குட்டி அரக்கர்களுக்குப் பொம்மை வாங்க வசதி இல்லை. புளியங்கொட்டைதான். ஒரு பக்கம் தரையில் உரசி வெள்ளையாக்கி வைத்திருக்கிறேன். கறுப்பு தெரிந்தால் நிற்கிறது, வெள்ளை தெரிந்தால் விழுந்து கிடக்கிறது. (2025-ல் வந்த அரக்கர் புத்தகமான மான்ஸ்டர் மேனுவலில் காப்ளினை ‘ஃபே’ (மாய உலகத்து ஜீவன்) வகையில் சேர்த்துவிட்டார்கள். அதற்கும் ரேஷன் கார்டு மாறிவிட்டது.)

ஒரு வாரம் யோசித்து வைத்த பதுங்கல் தாக்குதல். “பன்னிரண்டு காப்ளின் பாயுது, உங்க யாருக்கும் முதல் டர்ன் கிடையாது” என்று கம்பீரமாக அறிவித்தேன். உடுமலையிலிருந்து இரண்டு பஸ் ஏறி வரும் தம்பி மெதுவாகப் புத்தகத்தைத் திருப்பினான்.

“ஏனுங்ணா, சர்ப்ரைஸ்னா இப்ப டர்ன் போகாதுங்ணா. இனிஷியேட்டிவ் உருட்டறப்ப ரெண்டு டைஸ் போட்டுக் கம்மியானத எடுத்துக்கணும், அவ்வளவுதான்.”

இனிஷியேட்டிவ் என்றால் யார் முந்தி என்று பார்க்க இருபது முக டைஸை உருட்டுவது, பெரிய எண் முந்தும். அவனுக்குக் கம்மியானதே பதினேழு.

போர்க்கோடரி (பேட்டில்ஆக்ஸ்) வைத்திருந்தான். புது ‘வெப்பன் மாஸ்டரி’யில் (ஆயுதத்துக்கு ஆயுதம் ஒரு தனித் திறமை) அதற்கு ‘டாப்பிள்’. அடி விழுந்தால் காப்ளின் தாக்குப்பிடிக்க ஒரு சேவ் உருட்ட வேண்டும், தவறினால் குப்புற விழும். முன்பெல்லாம் ஃபைட்டர் என்றால் அடித்தேன், முடிந்தது. இப்போது சும்மா வெட்டுவதிலும் ஒரு வேலை இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பதிப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவன் அடிக்க, நான் உருட்ட, கொட்டை வெள்ளை. என் முறையில் அது எழுந்திருக்க, கொட்டை கறுப்பு. மறுபடி அடி, மறுபடி வெள்ளை. தோசை சுடுகிற மாதிரி திருப்பிக்கொண்டே இருந்தேன்.

அப்போது பக்கத்து வீட்டுச் சேச்சி மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்: “வெள்ளம் வந்நூ!”

உடுமலைத் தம்பி வரைபடத்திலிருந்த ஆற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “நான் மரத்துல ஏறறனுங்ணா. அத்லெட்டிக்ஸ் உருட்டவா?”

டைஸையும் உருட்டிவிட்டான். இரண்டு. “ஐயோ, மூழ்கிட்டேன்!”

மச்சான் சிரித்துக்கொண்டே அவன் கையில் ஒரு குடத்தைக் கொடுத்தார். எங்கள் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், குழாயில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. எல்லோரும் கீழே ஓடினோம். பதினாலு குடம், இரண்டு அண்டா. தம்பிதான் அதிகம் சுமந்தான், ஃபைட்டர் அல்லவா.

மேலே வந்தால் காற்று ஒரு மூலைக் கல்லைத் தள்ளி, சார்ட் பேப்பரை மடக்கியிருந்தது. கொட்டை எல்லாம் இடம் மாறிக் கிடந்தது. எது விழுந்தது, எது நின்றது, ஒருவருக்கும் ஞாபகமில்லை.

“எல்லாமே எந்திரிச்சிருச்சு” என்றேன்.

தம்பி புத்தகத்தைத் தேடினான். நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.