ஓட்டும் நேரத்துக்குத்தான் கூலி

சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் லாரியோடு சம்பந்தமே இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் என்று இந்த வட்டாரமே சக்கரத்தை நம்பிப் பிழைக்கிறது. இப்படிப்பட்ட ஊரிலேயே, "உனக்கென்னப்பா, ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்கிறாய்" என்று என்னிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பல வருடங்களாக லாரி ஓட்டிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் போய் வருகிறேன். புனேயில் பேஷ்வாக்கள் கட்டிய சனிவார்வாடா கோட்டை இருப்பது எனக்குத் தெரியும், பார்த்தது கிடையாது. நான் பார்த்ததெல்லாம் கிடங்குகளின் இரும்பு கேட்டும், அதற்கு முன்னால் வரிசையில் நிற்கும் வண்டிகளின் பின்பக்கமும்தான்.

டிரைவர் என்றால் ஓட்டுகிறவன் என்று ஊர் நினைக்கிறது. ஓட்டுவதைவிட நிற்பதுதான் இந்த வேலையில் அதிகம். ஓட்டுவதற்குக் கூலி உண்டு, நிற்பதற்குக் கிடையாது.

எங்கள் கம்பெனி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஜவ்வரிசி லோடு. சேலம் பக்கத்தில் குச்சிக்கிழங்கு என்று சொல்கிற மரவள்ளியிலிருந்து ஆத்தூர் வட்டாரச் சேகோ ஆலைகளில் தயாராகும் சரக்கு. இதற்கென்றே 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள் என்றால் எவ்வளவு பெரிய வியாபாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் வாங்குவதை வடக்கே விரத நாட்களில் கிச்சடியாகக் கிளறிச் சாப்பிடுகிறார்கள். நவராத்திரி நெருங்கினால் எங்கள் ஆபீசில் போன் ஓயாது.

மூட்டை ஒன்று 90 கிலோ. நான் ஓட்டுவது டாரஸ் என்று சொல்கிற பத்துச் சக்கர லாரி. இருநூறு மூட்டை சாதாரணமாக ஏறும். 2018இல் இந்த வகை வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். சரக்கு மூன்றரை டன் கூடியது. ட்ரிப்புக்கு எனக்குத் தருகிற படிக்காசு கூடவில்லை.

ஜவ்வரிசிக்கு ஈரம் ஆகாது. அதனால் தார்ப்பாய் கட்டுவதை நான் யாரிடமும் விடுவதில்லை. இரண்டு பாய்களில் பின்பாயை முதலில் விரிக்க வேண்டும். அதன் விளிம்பின் மேல் முன்பாய் வந்து விழ வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி ஓடும்போது இணைப்பில் காற்று புகுந்து பாயைத் தூக்கும். காற்று புகுந்த வழியில் மழையும் புகும். பிறகு கயிறு. கொக்கியில் மாட்டி, ஒரு காலை டயரில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து இழுக்க வேண்டும். அப்படி இழுத்துக் கட்டினாலும் தர்மபுரி தாண்டுவதற்குள் மூட்டைகள் குலுங்கி அமர்ந்து கயிறு தொளதொளத்துவிடும். அங்கே ஓரங்கட்டி, இறங்கி, ஒவ்வொரு கயிறாகச் சுண்டிப் பார்த்து மறுபடி இறுக்குவேன். முன்பு இதற்கெல்லாம் கூட ஒரு கிளீனர் பையன் இருப்பான். செலவு மிச்சம் என்று கிளீனரை எடுத்துவிட்டார்கள். இப்போது கயிறு கட்டுவதும் நான், பின்னால் பார்த்து வண்டியை ஒதுக்குவதும் நான், இரவு காவலும் நான்.

சாலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, தும்கூர், சித்ரதுர்கா, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், புனே. நல்ல சாலை. கோலாப்பூர் பக்கம் மழைக்காலம் ஒரு தினுசு, பெங்களூரு எந்தக் காலத்திலும் ஒரு தினுசு. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை எனக்கு ஒரு குறையும் இல்லை.

போய்ச் சேர்ந்தபின் ஆரம்பமாகும் வேறொரு வேலை. கேட்டில் காவலாளி நோட்டில் வண்டி எண்ணைக் குறித்துக்கொள்வார். "இன்று இடம் இல்லை, நாளை பார்க்கலாம்" என்பார். மறுநாளும் அதே பதில் வரும். சில சமயம் உண்மையாகவே கிடங்கில் இடம் இருக்காது. சில சமயம் சுமைதூக்கும் ஆட்கள் வந்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது காரணம் எனக்குப் புரியவே சில வருடங்கள் ஆயின. விலை ஏறட்டும் என்று வியாபாரி சரக்கை வைத்திருக்க நினைக்கிறார். சரக்கு அவருடைய கிடங்கில் இருந்தாலும் என் வண்டியில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். கிடங்குக்கு வாடகை உண்டு, என் வண்டிக்கு இல்லை. பத்துச் சக்கரத்தின் மேல் நிற்கும் இலவசக் கிடங்குக்கு நான் சம்பளமில்லாத காவல்காரன்.

ஹால்டிங் சார்ஜ் என்று ஒன்று காகிதத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வண்டியை நிறுத்திவைத்தால் நாளுக்கு இவ்வளவு என்று சரக்குக்காரர் தர வேண்டும். கேட்டால் அடுத்த லோடு வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று எங்கள் முதலாளி கேட்பதில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. வண்டிக் கடனுக்குத் தவணை கட்டுகிறவர். எனக்கோ ட்ரிப்புக்குத்தான் கணக்கு. ஒரு ட்ரிப் ஐந்து நாளில் முடிந்தாலும் பத்து நாளில் முடிந்தாலும் தொகை அதேதான். கூடுதலாக நின்ற நாட்களின் சாப்பாட்டுச் செலவு மட்டும் என்னுடையது.

நிற்பது ஓய்வுதானே என்று ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஒருமுறை கேட்டார். அவரை ஒரு வாரம் அந்த வரிசையில் உட்காரவைத்தால் தெரியும். நடுராத்திரி இரண்டு மணிக்கு வரிசை நான்கு அடி நகரும். அப்போது வண்டியை எடுக்காவிட்டால் பின்னால் இருப்பவன் உள்ளே நுழைத்துவிடுவான். டீசல் டேங்குக்குப் பூட்டு போட்டிருந்தாலும் டியூப் விட்டு உறிஞ்சுகிற ஆட்கள் உண்டு. பேட்டரியைக் கழற்றுவார்கள், ஸ்டெப்னியைக் கழற்றுவார்கள், தார்ப்பாயைக் கிழித்து ஒரு மூட்டையை இறக்குவார்கள். மூட்டை குறைந்தால் படியில் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே தூக்கம் என்பது கேபினில் ஒரு காதைத் திறந்துவைத்துக்கொண்டு படுப்பது. கழிப்பறை கிடங்குக்கு உள்ளே இருக்கும்; வெளியே நிற்கிற டிரைவருக்கு அனுமதி கிடையாது. காட்டுப்பக்கம் போய் வருவதற்கு, பக்கத்து வண்டிக்காரரிடம் "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அந்தப் பக்கத்து வண்டிக்காரர்களால்தான் நிற்கிற நாட்கள் நகர்கின்றன. டூல் பாக்சில் சின்ன அடுப்பும் குக்கரும் ஊர் அரிசியும் வைத்திருப்பேன். வண்டியின் நிழலில் உட்கார்ந்து புளிக்குழம்பு வைத்தால் ராஜஸ்தான்காரர் இரண்டு ரொட்டியோடு வந்துவிடுவார். அரைகுறை இந்தியில் டயர் விலையும் பெண் கல்யாணமும் பேசுவோம். ஒருமுறை பஞ்சாப்காரர் ஒருவர் என் ரசத்தைத் தம்ளரில் வாங்கி, தேநீர்போல ஊதி ஊதிக் குடித்துவிட்டு, உடம்பு வலிக்கு நல்ல மருந்து என்று சான்றிதழ் கொடுத்தார். அதில் பெருங்காயம் தீர்ந்துபோயிருந்தது அவருக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, சங்கத்துக்காரர் ஒருவரிடம் கேட்டுப் படித்தேன். 1961இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தபோது நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஐந்து மணி நேரத்துக்குப் பின் அரை மணி ஓய்வு என்று எழுதினார்கள். படிக்கச் சுகமாக இருந்தது. எதெல்லாம் வேலை நேரம் என்று விளக்குகிற இடத்துக்கு வந்தேன். முனையத்தில் வேலையின்றிச் சும்மா காத்திருக்கும் நேரமும் சேரும் என்று இருந்தது. ஆனால் அது பதினைந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தால் மட்டும். அதற்கு மேல் காத்திருந்தால் கணக்கில் வராது. பஸ் டிரைவரை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கிடங்கு வாசலில் மூன்று நாள் கிடக்கும் எனக்கு அந்தப் பதினைந்து நிமிடம் நல்ல நகைச்சுவையாகத்தான் பட்டது.

இனி தொப்பூருக்கு வருகிறேன். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும்போது தொப்பூர் கணவாய் நீண்ட இறக்கம். இரட்டைப் பாலம் பக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரி மோதியதாகச் செய்தி வராத வருடம் கிடையாது. செய்தியில் காரணமும் ஒரே வரியில் இருக்கும்: ஓட்டுநர் நியூட்ரலில் இறக்கினார். பெரும்பாலும் அது உண்மைதான். ஏன் நியூட்ரலில் இறக்கினார் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை.

இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டும் அல்ல, கியரில் இருக்கும் இன்ஜினும்தான். நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பிடி போய்விடும். இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்சாஸ்ட் பிரேக்கும் உதவாது. 28 டன்னையும் பிரேக் டிரம் ஒன்றே தாங்க வேண்டும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் காய்ந்து, லைனிங் கருகி, பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கிளீனராக இருந்தபோது ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து காபிக் கொட்டையும் மிளகும் இறக்கும் வண்டியில் போவேன். இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த வண்டியின் டிரைவர் அண்ணன் அதிகம் பேசாதவர். முதல் வளைவுக்கு முன்னால் கியரைத் தட்டிக் காட்டி, "எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், சாமி. பிரேக் வண்டியை நிறுத்துவதற்கு. இறக்குவதற்கு இல்லை" என்றார். அடிவாரத்தில் நிறுத்தியதும் என்னைச் சக்கரத்தின் அருகே கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். சூடு லேசாகத்தான் இருந்தது. அதே நேரம் எங்கள் பின்னால் இறங்கிவந்த வேனின் சக்கரத்திலிருந்து கருகிய நாற்றம் வந்துகொண்டிருந்தது.

இது தெரியாத டிரைவர் தொப்பூரில் எவனும் இல்லை. தெரிந்தும் ஏன் நியூட்ரல்? ஒன்று, டீசல். பல கம்பெனிகளில் மைலேஜ் காட்டினால் ஊக்கத்தொகை, குறைந்தால் பிடித்தம். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். ஆக இப்படிப்பட்ட செங்குத்து இறக்கத்தில் மிச்சம் ஒன்றும் இல்லை. பழைய நம்பிக்கை போக மறுக்கிறது, மைலேஜ் கணக்குப் போடுகிற ஆபீசும் அதைப் போக்க முயல்வதில்லை.

இரண்டாவது காரணம், நேரம். நாசிக் பக்கம் மூன்று நாள் கேட்டில் கிடந்தவனுக்கு ரிட்டர்ன் லோடு வெங்காயம். ஜவ்வரிசியை எத்தனை நாள் வேண்டுமானாலும் காக்கவைக்கலாம், வெங்காயத்தைக் காக்கவைக்க முடியாது. குறித்த நாள் காலையில் சந்தைக்கு வரவில்லை என்றால் வாடகையில் கழிப்பார்கள். கேட்டில் போன மூன்று நாளைச் சாலையில்தான் பிடிக்க வேண்டும். இரவெல்லாம் ஓட்டி, கிருஷ்ணகிரி தாண்டி, தர்மபுரி தாண்டி, விடியும் நேரத்தில், கண் எரியும் நேரத்தில், வீடு ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது அந்த இறக்கம் வருகிறது. பயணத்தின் தொடக்கத்தில் இருந்தால் இத்தனை பேர் செத்திருக்க மாட்டார்கள் என்று நான் நினைப்பதுண்டு. டிரைவர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. குடித்துவிட்டு ஏறுகிறவனையும், செல்போனில் படம் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவனையும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு ஜெயில்தான் சரி. மற்றவர்கள் விஷயத்தில், தொப்பூரில் பறிபோகிற உயிருக்கு எங்கோ ஒரு கிடங்கு வாசலில் கணக்கு ஆரம்பித்திருக்கிறது. அந்தக் கிடங்குக்காரர் பெயர் எந்த எப்.ஐ.ஆரிலும் வராது.

அரசாங்கம் எங்களை நிறுத்திவைத்த காலம் ஒன்று உண்டு. ஓசூர் ஜூஜூவாடியில் விற்பனை வரிச் சோதனைச்சாவடியில் காகிதத்தோடு வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் அது போனது. 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமானதும் டோல்கேட் வரிசையும் சுருங்கியது. ஜி.எஸ்.டி.யைத் திட்டுகிற வியாபாரிகளிடம் நான் வாயைத் திறப்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அது நல்லதையே செய்தது. ஆனால் அப்படி மிச்சமான நேரம் எங்கள் கைக்கு வரவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்தோம், சீக்கிரமாகக் கேட் முன்னால் நிற்க ஆரம்பித்தோம்.

அதைச் சரிசெய்ய வானத்தை வில்லாக வளைக்க வேண்டியதில்லை. பாஸ்டாக் ஒரு நொடியில் என் வண்டியைப் படிக்கிறது. அதே மாதிரி கிடங்கு கேட்டிலும் வந்த நேரம், வெளியேறிய நேரம் இரண்டையும் எல்.ஆர். என்கிற லோடு ரசீதில் கட்டாயம் பதிய வேண்டும், ஹால்டிங் தொகையில் ஒரு பங்கு டிரைவருக்கு என்று சங்கங்கள் சேர்ந்து பேசினால் போதும். ஒரு கம்பெனி தனியாகக் கேட்டால்தான் லோடு போகும்; எல்லோரும் கேட்டால் எங்கே போகும்?

இப்போது புதுப் பேச்சு ஏசி கேபின். 2025இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். நல்ல காரியம், மே மாதம் சித்ரதுர்கா பக்கம் பகலில் ஓட்டிப் பார்த்தவனுக்கு அதன் அருமை தெரியும். எங்கள் முதலாளி புதிய வண்டி ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறார், எனக்குத்தான் தருவதாகப் பேச்சு. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "வண்டி நிற்கும்போது ஏசி போடலாமா, முதலாளி?" ஏசி ஓட இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓட டீசல் வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "ஓட்டும்போது போட்டுக்கொள்" என்றார்.