ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

ஊத்தங்கரையில் இருபது ஆண்டுகளாக மருந்துக் கடை நடத்தி வருகிறேன். 2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை காலை எட்டரை மணியோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் எங்கள் ஊரில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு அது. புதுச்சேரிக்கு அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன பிறகுதான், எங்கள் தலைமேல் வந்து நின்று கொட்டியது. மழை வேண்டி மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிப் பழகிய எங்களுக்கு, ஏரி நிறைந்து ஊருக்குள் வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய சாலையில் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் காகிதக் கப்பல்களைப் போல இழுத்துச் செல்லப்பட்ட காட்சியைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது. நான் எழுத வந்தது அதற்குப் பின் வந்த புதன்கிழமையைப் பற்றி.

தாழ்வான தெருக்களிலிருந்து வந்தவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் அங்கே சில குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று சொன்னார்கள். கடையில் தண்ணீர் ஏறாத மேல் அடுக்கில் இருந்த ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், அதாவது வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற பொடி, அனைத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், வரிசையில் நின்றவர்களுக்கு ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டு வந்தேன். மனம் நிறைவாகத்தான் இருந்தது. மாலையில் திரும்பிப் போனபோது, ஓர் இளம்பெண் எவர்சில்வர் டம்ளரில் ஒரு பாக்கெட்டை முழுவதுமாகக் கொட்டிக் கலக்கிக் குழந்தையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டியது, இருநூறு மில்லி டம்ளரில் இருந்தது. நான் பதறியதைப் பார்த்து அந்தப் பெண், "தண்ணி கம்மியா ஊத்துனா மருந்து நல்லா புடிக்கும்னு நெனச்சேன்ணா" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொருவரும் அப்படியே செய்திருந்தார். தவறு அவர்களுடையது அன்று. அளவைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வந்தது நான். அந்த மண்டபத்தில் ஒரு லிட்டரை அளக்க ஒரு பாத்திரமும் இல்லை என்பதைக்கூட நான் கவனித்திருக்கவில்லை.

இதில் அளவு ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். குடலின் உட்சுவரில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசலில் சேர்ந்து நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்து தண்ணீரும் உடலுக்குள் போகிறது. உலக சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், ஆக மொத்தம் 20.5 கிராம். அதையே ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் கலந்தால், கரைசல் உடலிலிருந்து குடலுக்குத் தண்ணீரை இழுக்கும். இரத்தத்தில் சோடியம் ஏறும். சிறு குழந்தைக்கு வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும். அந்தக் குழந்தைக்கு நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாய்க்கு மேல் அது குடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் மருத்துவர் திலீப் மகலனாபிஸ். 1971 இல் வங்கதேசப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். எல்லையோர ஊரான பன்காவின் முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று நிறுத்து, பாலித்தீன் பைகளில் கட்டி அனுப்பச் செய்தார். முகாமில் அதைப் பெரிய டிரம்களில் கரைத்து வைத்தார்கள். நோயாளிகளுக்கு எடுத்து ஊட்டியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய வீட்டு மனிதர்களே. 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது. இந்தக் கதையைக் கல்லூரியில் படித்தவன்தான் நான். ஆனால் பொடியைவிட டிரம் முக்கியம் என்பது மண்டபத்து டம்ளரைப் பார்த்த பிறகே உறைத்தது. அங்கே அளவு டிரம்மிலேயே முடிந்துவிட்டது, ஊட்டுகிற தாய் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். இருந்தபோதே அறிவித்திருக்கலாம்.

அதற்குப் பிறகு நிவாரணப் பணி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். பேரிடரில் உதவுவோர் கடைப்பிடிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவுகளுக்கு ஸ்பியர் என்று ஒரு கையேடு இருக்கிறது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1997 இல் அந்த முயற்சியைத் தொடங்கின. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 2,100 கலோரி உணவு, தங்குமிடத்தில் 3.5 சதுர மீட்டர், ஒரு குழாய்க்கு 250 பேர், ஒரு கழிப்பறைக்கு 20 பேர் என்று அதில் கணக்கு இருக்கிறது. நெருக்கடியின் முதல் நாட்களில் ஒரு கழிப்பறைக்கு 50 பேர் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. எங்கள் மண்டபத்தில் மொத்தம் நான்கு கழிப்பறைகள். அவற்றில் ஒன்று மாப்பிள்ளை அறையை ஒட்டியது, அதன் சாவி யாரிடம் இருக்கிறதென்று இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. ஏறக்குறைய இருநூற்றைம்பது பேர் இருந்தார்கள். வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் பிறந்த கதை கொடியது. 1994 சூலையில் ருவாண்டாவிலிருந்து தப்பியவர்கள் லட்சக்கணக்கில் எல்லையைத் தாண்டிக் கோமா என்ற ஊரில் குவிந்தார்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறைத் தரை அது. கழிப்பறைக்குக் குழி தோண்ட முடியவில்லை, பிணத்தைப் புதைக்கவும் முடியவில்லை. ஏரித் தண்ணீரையே குடித்தார்கள். முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் காலராவிலும் சீதபேதியிலும். உலகின் பெரிய அமைப்புகள் பலவும் அங்கே வந்திருந்தபோதே இது நடந்தது. வந்திருந்தால் மட்டும் போதாது என்று அவர்களே வெட்கப்பட்டு எழுதிக்கொண்டதன் விளைவே அந்தக் கையேடு.

ஆனால் குறைந்தபட்சம் எவ்வளவு என்ற வழக்கு நம் மண்ணுக்குப் புதிதன்று. எங்கள் ஆயா தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்லுவார், தன் பாட்டி சொல்லக் கேட்டதாக. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தின்போது தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. கல்கத்தாவிலிருந்த ஆங்கிலேய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள், செலவைக் குறைப்பதற்காக, நிவாரண வேலையில் நாளெல்லாம் மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877 சனவரியில் படியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். அரிசியாகவே கொடுத்தாலும் ஏறத்தாழ 1,600 கலோரிதான் வரும். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ், உழைக்கிற உடம்புக்கு இது காணாது, ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுத்து மூலம் சண்டை போட்டார். சில மாதங்களில் மாகாண அரசு படியை ஓரளவு உயர்த்தியது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881 இல் 16 லட்சத்தை ஒட்டி இறங்கிவிட்டது. படியளக்கிறவன் என்று சாமியைச் சொல்லுகிற ஊரில், படியைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த இரண்டு எண்களைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அளவு குறைந்தால் ஒரு கேடு. தேவையற்றது மிகுந்தால் இன்னொரு கேடு. வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து ஒரு லாரி நிறையப் பழைய துணிகள் வந்தன. பட்டுப் பாவாடை, கோட்டு, ஜிப் போன ஜீன்ஸ், ஒற்றைக் காலுறை என எல்லாம் கலந்த மூட்டைகள். மண்டபத்தில் இருந்த ஓர் ஆயா ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "துணி கெடக்கட்டும் கண்ணு, மூடி போட்ட குடம் ஒண்ணு கெடைக்குமா?" என்று கேட்டார். குடம் எந்த லாரியிலும் வரவில்லை. அந்தத் துணிகளில் ஒரு பகுதியை வீடுகளில் சேறு துடைக்கப் பயன்படுத்தினார்கள், மீதி நனைந்து நாறிச் சாலையோரம் கிடந்தது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. 2005 சனவரியில், சுனாமிக்குப் பிறகு, எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினத்துக்குத் துணி மூட்டைகளோடு போன லாரியின் மேல் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கடலுக்குக் கொடுத்த மாவட்டம் அது. அங்கே வழியெல்லாம் பழந்துணிக் குவியல்கள் கிடந்தன. எங்கள் மூட்டைகளை இறக்க இடம் காட்டக்கூட யாரும் முன்வரவில்லை. அன்று எனக்குக் கோபம் வந்தது. இருபது ஆண்டுகள் கழித்து வந்த லாரியை இறக்க இடம் காட்ட நானும் முன்வரவில்லை.

அந்தச் சுனாமிக்கு உலகம் கொடுத்த பணத்தை உதவி அமைப்புகளே கூடிக் கணக்கெடுத்து 2006 இல் அறிக்கை வெளியிட்டன. பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டாலர் என்ற கணக்கில் நிதி சேர்ந்திருந்தது. அதே 2004 ஆம் ஆண்டு வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்குக் கிடைத்தது ஆளுக்கு 3 டாலர். தொலைக்காட்சியில் எது எத்தனை நாள் ஓடுகிறதோ அதைப் பொறுத்தே உண்டியல் நிறைகிறது. எங்கள் வேன்கள் மிதந்த காட்சி மூன்று நாள் ஓடியது, நான்காம் நாள் சோற்றுப் பொட்டலங்கள் பாதியாகிவிட்டன.

உதவ வந்தவர்களாலேயே கேடு வந்ததும் உண்டு. 2010 சனவரியில் ஹெய்தியைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் அங்கே காலரா பரவியது. ஐ.நா. அமைதிப்படையின் முகாம் ஒன்றிலிருந்து கழிவுநீர் ஆற்றில் கலந்ததால் வந்த தொற்று அது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது 2016 டிசம்பரில்.

பொருளாக அனுப்புவதைவிடப் பணமாகக் கொடுப்பது மேல் என்ற கருத்து இப்போது நிவாரண உலகில் வலுப்பெற்று வருகிறது. கடைகள் திறந்திருக்கிற இடத்தில் இது சரியென்றே எனக்கும் படுகிறது. அந்த ஆயாவின் கையில் முந்நூறு ரூபாய் இருந்திருந்தால் குடம் வாங்கியிருப்பார். நம் மாநிலத்திலும் 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் ரேஷன் கடை வழியாக 6,000 ரூபாய் கொடுத்தார்கள். பணம் கொடுத்தால் டாஸ்மாக்குக்குத்தான் போகும் என்று டீக்கடையில் அன்றும் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். உலக வங்கி 2014 இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரை, பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கைப்பணம் பெற்ற குடும்பங்கள் பொதுவாக மதுவுக்கும் புகையிலைக்கும் கூடுதலாகச் செலவிடவில்லை என்று காட்டியிருக்கிறது.

கலக்கவே தேவையில்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், நிலக்கடலை விளைகிற சீமைக்காரன் என்பதால். கடுமையான ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கு முன்பு பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்கள். அசுத்தமான தண்ணீரில் கரைத்தால் அதுவே நோயாகிவிடும். 1996 வாக்கில் பிரான்சில் ஆந்த்ரே பிரியாந்த் என்ற மருத்துவர், நிலக்கடலை விழுதோடு பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துகள் சேர்த்து, 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி கிடைக்கும்படி ஓர் உணவை உருவாக்கினார். தண்ணீரே வேண்டாம், அடுப்பும் வேண்டாம், கிழித்து வாயில் பிதுக்கினால் போதும். 2005 இல் நைஜர் நாட்டுப் பஞ்சத்தின்போது எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. அளக்கிற வேலையைத் தாயின் தலையில் கட்டாத வகையில், இது பன்காவின் டிரம்முக்கு உறவு.

மண்டபத்துக்கு நன்கொடையாக வந்தவற்றில், பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போட்ட பழச்சாறு டப்பாக்களும் ஓர் அட்டைப் பெட்டி நிறைய இருந்தன. சர்க்கரை மிகுந்த அந்தப் பானத்தை வயிற்றுப்போக்குள்ள குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. 2025 அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப் பெயர் வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தப் பெட்டியை நான் அன்று பேசாமல் மேடைக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். நான் செய்த உருப்படியான காரியங்களில் அதுவும் ஒன்று.

இப்போது கடையில் காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைக்கிறேன். ஒவ்வொன்றிலும் கழுத்துக்குக் கீழே ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். போன ஐப்பசியில் மழை பிடித்த அன்று, பேரனுக்கு வயிற்றாலே போகிறது என்று சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். இரண்டு பாக்கெட்டோடு ஒரு பாட்டிலையும் எடுத்து வைத்து, இந்தக் கோடு வரைக்கும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், அதில் ஒரு பாக்கெட் முழுதும், குழந்தைக்கு ஸ்பூன் ஸ்பூனாக என்று இரண்டு முறை சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டிலுக்குத் தனியா எவ்வளவுங்க?" என்றார்.