ராத்திரியில் மங்கும் கோடும் மணிப்பெட்டியும்

சில ரோட்டில், புதுசாகப் போட்ட தெர்மோ கோடு, அதாவது தெர்மோபிளாஸ்டிக் கலவையை உருக்கிப் போடுகிற வெள்ளைக் கோடு, பகலில் பால் மாதிரி வெளுத்திருக்கும். ராத்திரி பைக் லைட் பட்டால் சாம்பல் பூசினதுபோல் செத்துக் கிடக்கும். சில மாதம் வண்டி ஓடி மேல்தோல் தேய்ந்தபிறகு அதே கோடு மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். இப்படி ஒரு கோட்டைப் பார்த்தால் பெயிண்டின் மேல் பழி போடுவதற்கு முன்னால், கோடு போட்ட அன்றைக்கு வண்டியின் பின்னால் இருக்கும், பொடிக் கண்ணாடி மணி தூவுகிற மணிப்பெட்டி ஒழுங்காக வேலை செய்ததா என்று கேளுங்கள்.

தெர்மோ கலவையின் எடையில் 30 முதல் 40 சதவீதம் கண்ணாடி மணிதான். ஆனால் அது உள்ளே புதைந்து கிடக்கிற சரக்கு. மேலே தேய்ந்தால்தான் வெளியே வரும். முதல் ராத்திரியே வெளிச்சம் திரும்ப வேண்டுமென்றால், சூடு ஆறுமுன் மேலே தனியாகத் தூவ வேண்டும். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு அதற்குச் சொல்லும் அளவு சதுர மீட்டருக்கு 250 கிராம். கோட்டின் கனம் 2.5 மில்லிமீட்டர். கனத்தை எல்லாரும் அளக்கிறார்கள், மணியை அளக்கிற ஆள் குறைவு.

விழுந்த மணி, தன் விட்டத்தில் 50 முதல் 60 சதவீதம் கோட்டுக்குள் உட்கார வேண்டும். வெளிச்சம் மணிக்குள் நுழைந்து வளைந்து, அடியில் இருக்கிற வெள்ளையில் பட்டு, வந்த வழியே ஓட்டுகிறவர் கண்ணுக்குத் திரும்பும். முழுக்க முங்கிவிட்டால் வெளிச்சம் உள்ளே போக வழியே இல்லை. கால்வாசி மட்டும் ஒட்டியிருந்தால் லாரி டயர் பிடுங்கிக்கொண்டு போய்விடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிச் சின்னச் சின்னக் குழி.

தள்ளிக்கொண்டு போகிற கைவண்டியில் முன்னால், உருகிய கலவையைக் கோடாக இறக்குகிற ஷூ; அதற்குப் பின்னால் மணிப்பெட்டி. பெட்டியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, அடியில் வெறும் சந்து வைத்து ஷட்டரைத் திறந்தால் கொட்டுவது. இன்னொன்று, வரிப்பள்ளம் வெட்டின உருளை வண்டிச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, பள்ளம் பள்ளமாக மணியை அள்ளிப் போடுவது. வாங்குவதானால் உருளை வைத்ததையே வாங்குங்கள். சந்துப் பெட்டி நேரத்துக்குக் கொட்டும். தள்ளுகிறவர் கொஞ்சம் நின்றால் அங்கே குவியல், வேகமாக நடந்தால் அடுத்த பத்தடி மொட்டை. உருளை தூரத்துக்குக் கொட்டும். சக்கரம் நின்றால் மணியும் நிற்கும்.

அளவு பார்ப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். 10 செ.மீ. அகலக் கோட்டில் 10 மீட்டர் போனால் சரியாக ஒரு சதுர மீட்டர். ஷூவைத் தூக்கி வைத்துவிட்டு, உருளைக்கு அடியில் ஒரு தகரத் தட்டைக் கட்டி, ரோட்டில் சாக்பீஸால் குறித்த 10 மீட்டரை வழக்கமான நடையில் தள்ளுங்கள். தட்டில் விழுந்ததைச் சின்னத் தராசில் நிறுத்தால் 250 கிராம் வர வேண்டும். 15 செ.மீ. கோட்டுக்கு 375. மூன்று தரம் தள்ளி மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா பாருங்கள். தராசு இல்லாத இடத்தில் அளவுக் குப்பி போதும்; 250 கிராம் மணி ஏறக்குறைய 160, 170 மில்லி பிடிக்கும். எடையோடு, தட்டில் மணி விழுந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். நடுவில் மேடாகவும் ஓரத்தில் ஒன்றுமில்லாமலும் விழுந்தால் உருளையின் ஓரப் பள்ளங்கள் அடைத்திருக்கின்றன. சாயங்காலம் காலிச் சாக்கை எண்ணினாலும் கணக்குத் தெரிந்துவிடும்: 10 செ.மீ. தொடர்கோடு ஒரு கிலோமீட்டருக்கு 25 கிலோ, அதாவது ஒரு மூட்டை; 15 செ.மீ. என்றால் ஒன்றரை மூட்டை. மூன்று கிலோமீட்டர் போட்டுவிட்டு ஒரு சாக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அளவு சரியாக இருந்தும் கோடு கெடுவது சூட்டினால். பாய்லரில் கலவை 180 முதல் 200 டிகிரி வரை. ஷூவை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து ஆறத் தொடங்கும். ஷூவுக்கும் மணிப்பெட்டிக்கும் இடையில் உள்ள தூரம்தான் மணி எந்தப் பதத்தில் விழுகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. அதிகச் சூட்டில் விழுந்தால் முங்கும். தோல் கட்டினபிறகு விழுந்தால் ஒட்டாது. தூரத்தைக் கூட்டிக் குறைக்க நட்டுச் சந்து உள்ள வண்டி என்றால் நல்லது. இல்லாவிட்டால் நடையையும் பாய்லர் சூட்டையும்தான் மாற்ற முடியும்.

இங்கேதான் நம்ம ஊர் வெயில் கணக்கில் வருகிறது. சித்திரை மத்தியானம் தாரே கொதிக்கும். கலவை ரொம்ப நேரம் இளக்கமாகவே கிடந்து மணியை விழுங்கிவிடும். அப்போது பாய்லரை 180 பக்கமாக இறக்கி, நடையையும் தளர்த்த வேண்டும். மார்கழிக் காலையில் நேர்மாறு: ரோடு சில்லென்று இருப்பதால் உடனே தோல் கட்டும், போதாததற்குப் பனி ஈரம். ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை ரோட்டில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிக் கால் மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோர்த்திருந்தால் இன்னும் ஆரம்பிக்கக் கூடாது. ஈரத்தின் மேல் போட்ட கோடு கொப்புளம் விடும்.

அடுத்தது காற்று. ஆனி, ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா விடாது. அத்தனை காற்றாலையும் சும்மாவா நிற்கிறது? மணிகளில் பெரும்பாலும் கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டருக்குள்தான். நாலுவழிச் சாலை அங்கே வடக்கு தெற்காகப் போகிறது, காற்று மேற்கிலிருந்து வருகிறது. அதனால் கோட்டின் மேற்கு ஓரம் மொட்டை, கிழக்கே தாரில் மணி சிதறிக் கிடக்கும். பழைய டியூபை வெட்டி மணிப்பெட்டியின் மூன்று பக்கமும் பாவாடை மாதிரித் தொங்கவிட்டால் பெருமளவு அடங்கும். பாவாடையின் கீழ்விளிம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி வையுங்கள், உரசினால் ஆறாத கோட்டில் கீறல் விழும். அந்த மாதங்களில் விடியற்காலையில் தொடங்கிக் காற்று எழும்புவதற்குள் முடிப்பதுதான் புத்தி.

கோட்டின் தொடக்கத்தை எப்போதும் தனியாகப் பாருங்கள். ஷூவைத் திறந்தும் உருளை சுற்றாமல் ஒரு சாண் ஓடியிருக்கும். லீவர் இரண்டும் ஒரே பிடியில் இணைந்திருந்தாலும் கம்பி தளர்ந்தால் இப்படி ஆகும். "அண்ணாச்சி, மணி விழல" என்று பின்னால் வருகிற ஆள் சத்தம் கொடுத்தவுடனே ஒரு பிடி கையால் தூவிவிடலாம். பத்து நிமிஷம் கழித்துத் தூவினால் ஒன்றும் நிற்காது. விட்டுவிட்டுப் போடும் கோட்டில் 3 மீட்டர்த் துண்டுக்கு 75 கிராம்தான் மணி. அதில் ஒரு சாண் போனாலும் ராத்திரியில் துண்டு குட்டையாகத் தெரியும்.

லாரியில் பொருத்தின பெரிய இயந்திரத்தில் உருளைக்குப் பதில் காற்றழுத்தத் துப்பாக்கி. அதில் கவனிக்க வேண்டியது இரண்டு. கண்ணாடி ஓடி ஓடி நாசில் துளை பெருத்துப்போகும். அழுத்தம் மாறாமலே மணி அதிகமாகக் கொட்டும். இன்னொன்று, கம்ப்ரஸர் காற்றில் வரும் தண்ணீர். காலையில் வடிகுழாயைத் திறந்து தண்ணீரை இறக்காவிட்டால் மணித் தொட்டிக்குள் கட்டி சேரும். துப்பாக்கி முனை பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். வண்டி வேகத்தோடு முன்னால் பாய்ந்த மணி கோட்டின் மேல் உருண்டு, உடம்பெல்லாம் பெயிண்ட் பூசிக்கொண்டு குருடாகிவிடும்.

மூட்டையைப் பிரித்தவுடன் ஒரு சோதனை. கண்ணாடித் தகடு ஒன்றை லேசாகச் சாய்த்து ஒரு சிட்டிகை மணியைப் போட்டால் உருண்டையானது ஓடிவிடும், உடைந்ததும் முட்டை வடிவானதும் நிற்கும். பாதி நின்றுவிட்டால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

கோடு போடுமுன் ரோட்டைக் கூட்டுவதை யாரும் தலைகீழாக நின்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் பிசானப் பருவ அறுப்பு முடிந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் ரோட்டில் நெல் காயப்போட்டிருந்த இடத்தில் உமித் தூசி தாரின் சந்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும். விளக்குமாறு போதாது, காற்று ஊதி வேண்டும். எம்சாண்ட் லாரி ஓடும் ரோடும் அப்படியே.

தென்காசி ரோட்டில் சாரல் காலத்தில் கோடு மங்குவது வேறு விஷயம். மணியின் மேல் தண்ணீர்ப் படலம் நின்றால் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். பெரிய மணி தண்ணீருக்கு மேலே தலை நீட்டும். அதனால் மழை அதிகமுள்ள ரோட்டுக்கு இரண்டு பெட்டி வைத்து, முதலில் பெரியது, பின்னால் சின்னது என்று தூவுகிற முறை இருக்கிறது.

போட்டு முடித்துக் கோடு ஆறினபிறகு உள்ளங்கையால் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்க வேண்டும். சாயங்காலம் சாய்ந்த வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக் கோட்டைப் பார்த்தால் மணி மினுங்குவது தெரியும். இருட்டினபிறகு செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள், இடுப்பளவில் பிடித்தால் ஏமாற்றும்.

ரோட்டில் சிதறின மணியைக் கட்டாயம் கூட்டி அள்ள வேண்டும். தாரின் மேல் அது குண்டு பேரிங் மாதிரி. வளைவில் டூவீலர் சறுக்கும். அள்ளினதில் மண் கலந்திருக்கும், பெட்டியில் திரும்பப் போடாதீர்கள். பெட்டியில் மிச்சம் இருப்பதை அன்றைக்கே சாக்கில் கொட்டி வாயைக் கட்டி, பலகை மேல் ஏற்றி வைத்துவிடுங்கள். ராத்திரி பெட்டியிலேயே விட்டால், ஐப்பசி மாதத்தில் மறுநாள் காலை உருளையைச் சுற்றுவதற்கு ஸ்பேனர் தேட வேண்டிவரும்.